கோட் நம்பர் ஈ பன்னெண்டு

"ஸ்கிரீன்ல என்ன இருக்கு? அதை மட்டும் சொல்லு" என்று செல்போனில் கத்தினான் திருமலை.

"வண்டி ஸ்டார்ட் ஆவலீங்க" என்றது மறுமுனை.

"அதுக்குத்தானே கூப்பிட்டிருக்கே. ஸ்கிரீனைப் பாருய்யா!"

திருமலைக்கு ஓசூர் சிப்காட் பக்கத்தில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப். ஜப்பானில் உழைத்து ஓய்ந்து, கப்பலேறி இங்கே வந்து சேரும் பழைய பொக்லைன்கள்தான் அவன் பிழைப்பு. அந்த வண்டிகளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. உடம்புக்கு என்ன என்று அவையே ஸ்கிரீனில் எழுதிக் காட்டிவிடும். முன்னால் ஓர் இங்கிலீஷ் எழுத்து, பின்னால் ஒரு நம்பர். எந்த நம்பருக்கு எந்தக் கோளாறு என்பது திருமலைக்குத் தலைகீழ்ப் பாடம். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், போனிலேயே வைத்தியம் பார்த்துவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக.

ஆனால் இன்றைக்குப் படுத்துக்கொண்டது மச்சான் வண்டி. மனைவி பிரியதர்ஷினியின் அண்ணன் திம்மராயனுக்கு வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு. "மாப்ள சொன்னா சரிதான்" என்று திருமலை கைகாட்டிய பழைய வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருந்தார். முதல் வேலையாக ஊர் ஏரியைத் தூர்வார வேண்டும். மதியத்துக்குள் வண்டி ஏரியில் இறங்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மாமியார் வீட்டில் திருமலையின் பெயரும் அத்தோடு போய்விடும்.

"ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியலீங்களே" என்றான் ஆபரேட்டர் பெரியதம்பி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிற ஆள் அவன்.

"ஏதாச்சும் இருக்கும்யா. கிட்டப் போய் நல்லாப் பாரு."

பெரியதம்பி ஸ்கிரீனோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தான்.

"ஈ ஒண்ணு இருக்குதுங்க."

"அப்படி வா வழிக்கு!" திருமலை தொடையைத் தட்டிக்கொண்டான். "ஈ ஒண்ணுன்னா சென்சார் கோளாறு. சீட்டுக்குப் பின்னாடி ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து, உள்ள இருக்கிற மஞ்சள் கனெக்டரைப் பிடுங்கி மறுபடி சொருகு."

"மூடி மேல என் மூட்டை இருக்குதுங்க."

"எடுத்து முன்னாடி ஸ்கிரீன் பக்கத்துல வையேன். அதுக்கும் நான் ஓசூர்லேர்ந்து வரணுமா?"

மூட்டை இடம் மாறியது. கனெக்டர் கழன்று மறுபடி மாட்டிக்கொண்டது.

"இப்ப என்ன இருக்கு?"

"ஈ மூணுங்க."

திருமலை நிமிர்ந்து உட்கார்ந்தான். மூணு என்றால் பம்ப் ஆயிற்றே! "ஒண்ணு போய் மூணா?"

"ஆமாங்க. இல்லீங்க, ரெண்டு. இருங்க... மறுபடி மூணு."

"மாறி மாறி வருதா? ஸ்கிரீனை ஒரு தட்டுத் தட்டு."

"தட்டினா போயிருதுங்க. கையை எடுத்தா திரும்ப வந்துருது."

"லூஸ் கான்டாக்ட்!" என்று கூவினான் திருமலை. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. "கேபின் சூடேறியிருக்கும். கதவு, கண்ணாடி எல்லாத்தையும் திறந்து விடு. ஃபியூஸை ஒவ்வொண்ணா கழட்டித் துடைச்சு மாட்டு."

போனை வைத்ததும் பிரியதர்ஷினி கூப்பிட்டாள்.

"நல்லா இருந்த வண்டியைப் போன்லயே பிரிச்சுப் போட்டுட்டீங்களாமே? எங்கண்ணன் அழாத குறை."

"இதோ முடிஞ்சிரும் பிரியா. சாதாரண ஈ மூணுதான்."

"மூணோ முப்பதோ, வண்டி ஓடலைன்னா எங்கம்மா வீட்டுக்கு இனி நான் மட்டும்தான் போவேன். நீங்க வர வேணாம்."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவன் மறுபடி பெரியதம்பியைக் கூப்பிட்டான்.

"எல்லாம் திறந்து விட்டேனுங்க. இப்ப ஜாஸ்தியாயிருச்சு. பன்னெண்டுங்க."

"ஈ பன்னெண்டா? நல்லாப் பார்த்தியா?"

"ஒண்ணுக்கு ரெண்டு தரம் பார்த்தேனுங்க. பன்னெண்டேதான்."

திருமலைக்குத் தலை சுற்றியது. அவனுக்குத் தெரிந்து ஈ வரிசை ஒன்பதோடு முடிந்துவிடும். பெங்களூரில் இருக்கும் ராமப்பனுக்குப் போன் போட்டான். திருமலைக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த கன்னடக்காரர் அவர்.

"ஹன்னெரடா? அப்படி ஒரு கோடே இல்லையே திருமலை!" என்று அவரும் குழம்பினார். "காலையில ஒண்ணு, இப்ப ஹன்னெரடுன்னா கன்ட்ரோலர் செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஜப்பான்லேர்ந்து புதுசு வரணும்."

அதற்குமேல் நாற்காலி தாங்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு சூளகிரி வழியாகப் பறந்தான். மச்சானிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனான். அவமானமாக இருந்தது.

தோப்பில் திம்மராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வாங்க மாப்ள" என்று கூடச் சொல்லவில்லை. ஆட்களுக்குக் களி கொண்டு வந்திருந்த மாரம்மா, தோளில் துண்டோடு பொக்லைன் கேபினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

திருமலை கேபினில் ஏறினான். பழுத்த மாம்பழ வாசனை ஆளைத் தூக்கியது. ஸ்கிரீன் பக்கத்தில் பெரியதம்பியின் மூட்டை வாய் பிளந்து கிடக்க, பழங்கள் கனிந்து ஒழுகிக்கொண்டிருந்தன. அதை ஒதுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினான். ஒரு சத்தமும் இல்லை. ஸ்கிரீன் கும்மிருட்டு.

திருமலைக்கு ஏதோ உறைத்தது. குதித்து இறங்கி பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். மெயின் சுவிட்ச் அணைந்து கிடந்தது.

"இதை யார் அணைச்சது?"

"நான்தான் மாப்ள" என்றார் திம்மராயன். "யாரும் வண்டியை ஓட்டிட்டுப் போயிறாம இருக்க, ராத்திரியில அணைச்சு வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சுவிட்சைப் போட்டுச் சாவியைத் திருப்பினான். கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி உறுமியது. ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது. ஒரு கோளாறும் இல்லை. திம்மராயன் முகம் மலர்ந்து, "மாப்ளைக்கு முதல்ல களி போடு மாரம்மா!" என்றார்.

ஆனால் திருமலைக்குக் களி இறங்கும் என்று தோன்றவில்லை. மண்டைக்குள் ஒரே குழப்பம். "ராத்திரியிலேர்ந்து கரண்டே இல்லாத ஸ்கிரீன்ல ஈ பன்னெண்டு எப்படிய்யா வரும்? என்கிட்ட பொய்யா சொன்னே?"

"சத்தியமா இருந்துச்சுங்க" என்றான் பெரியதம்பி கண் கலங்க. "பன்னெண்டும் இருந்துச்சு. வேணும்னா மாரம்மாவைக் கேளுங்க."

"அப்ப இப்ப எங்க போச்சு?"

மாரம்மா களிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க வர்றீங்களேன்னு நான்தான் சாமி துண்டால விரட்டிவிட்டேன், அப்பவும் ரெண்டு மட்டும் போக மாட்டேன்னு மாம்பழத்து மேலயே உக்காந்துக்கிச்சு!"