மானிட்டரை அணைத்து வைத்த எக்ஸ்பிரஸ்

கறம்பக்குடியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால், அதை உண்மையிலேயே பயன்படுத்தத் தெரிந்தவர் என்று ஒருவர்தான் தேறுவார். அவர் மானிட்டரை அணைத்தே வைத்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பிரவுசிங் சென்டர் அவருடையது. ஊருக்கு அவர் 'எக்ஸ்பிரஸ்'. நான் அங்கே ஜெராக்ஸ் மெஷினுக்கு ஆள். பத்து வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது என்பதை, சளி பிடித்ததைச் சொல்கிற குரலில் ஒரே ஒரு தடவை சொன்னார். மற்ற நேரங்களில் அவருடைய பேச்செல்லாம் மவுஸ் என்பது எவ்வளவு வீணான பொருள் என்பதைப் பற்றித்தான்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் ஒரு பெண் குரல். அது பேசும் வேகத்தால்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது. ஒரு காதில் ஹெட்போன், மறு காது வாடிக்கையாளருக்கு. ஒருநாள் ஹெட்போன் வயர் கழன்று, குரல் ஸ்பீக்கரில் வந்துவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்த பெரியவர் பதறிப்போனார்.

"தம்பி, உள்ள கோழி கீழி மாட்டிக்கிச்சா?"

"இல்லங்கய்யா. ஒங்க விண்ணப்பத்தத்தான் வாசிக்குது."

"எனக்கு ஒண்ணும் வெளங்கலையே!"

"ஒங்களுக்கு வாசிக்கலங்க. எனக்கு வாசிக்குது."

கொஞ்சம் நிதானமாகப் பேச வைத்தால் என்ன என்று நானும் கேட்டிருக்கிறேன். "அம்புட்டு மெதுவாப் பேசுனா தூக்கம் வந்துரும் தங்கச்சி. நீ பேசயிலேயே பாதி நேரம் அப்புடித்தான் இருக்கு" என்றார். அதன் பிறகு கேட்கவில்லை.

அணைந்த மானிட்டர் வாடிக்கையாளர்களுக்குப் பெரிய தொல்லை. எதிரே உட்கார்ந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியையே உற்றுப் பார்ப்பார்கள். ஒருவர் தன் முகம் அதில் தெரிவதைக் கண்டு, "போட்டோ ஏறிருச்சுங்க" என்று திருப்தியோடு தலையசைத்தார். எக்ஸ்பிரஸ் மறுக்கவில்லை.

இன்னும் சிலர் வாயை அடக்க மாட்டார்கள். "கண்ணு தெரியாம எப்புடிங்க இதெல்லாம்?"

"கண்ணு தெரிஞ்சே ஆதார்ல பொறந்த தேதிய தப்பா வச்சிருக்கீங்களே, அது எப்புடிங்க?"

அவரால் தாண்ட முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான். சில இணையதளங்களில் விண்ணப்பத்தை அனுப்பும் முன், கோணல் மாணலான எழுத்துகளைப் படமாகக் காட்டி, 'நீ மனிதன்தான் என்று நிரூபி' என்று கேட்பார்கள். ஸ்கேன் செய்த அச்செழுத்தை வாசித்துவிடும் ஸ்கிரீன் ரீடரால் இந்தப் படத்தை வாசிக்க முடியாது. அப்போது மட்டும் மானிட்டரைப் போட்டுவிட்டு, "தங்கச்சி, நான் மனுசனான்னு கேக்குறாய்ங்க. வந்து சொல்லு" என்று குரல் கொடுப்பார். நான் ஓடிப்போய் எழுத்துகளைச் சொல்வேன்.

ஒரு நாள், ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் மை வாங்கப் புதுக்கோட்டை போன நான் திரும்புவதற்குத் தாமதமாகிவிட்டது. ஃபோனிலும் சார்ஜ் இல்லை. அன்று நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். பூ பறிக்கும் வேலை செய்யும் வசந்தா அக்கா, மகளின் சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மூன்றரைக்குத்தான் வந்திருக்கிறார். மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் அவளால் வர முடியவில்லை. எக்ஸ்பிரஸ் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து கேட்டு, எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டார். கடைசியில் படம் வந்து நின்றது. வெயிலில் தெருவிலும் ஆள் இல்லை. வசந்தா அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது.

"உருவத்தச் சொல்லுங்கக்கா. நான் கண்டுபிடிக்கிறேன்" என்றிருக்கிறார் எக்ஸ்பிரஸ். பத்து வயது வரை பார்த்த எழுத்துகள் அவருக்கு ஞாபகம் இருந்தன.

முதல் தடவை 'அப்பளம்' என்று வந்ததை ஓ என்று அடித்தார். அது பூஜ்யம். இரண்டாம் தடவை பெரிய எஸ்ஸுக்குப் பதில் சின்ன எஸ். தவறு என்று தெரிந்ததும் இணையதளம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு படத்தைக் காட்டியது. நான் கடைக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தது.

"சேர் மாதிரி ஒண்ணு தம்பி. முதுகு சாயுற பக்கம் ஒசந்து இருக்கு."

"ஹெச். அடுத்தது?"

"மூணு காலு."

"மேல மூடியிருக்கா, கீழயா?"

"மேலதான். பந்தக்காலு மாதிரி."

"எம். இன்னும் எத்தன இருக்கு?"

"ரெண்டுதான்."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார். "செருப்புச் சத்தம் கேட்டுச்சு தங்கச்சி. அங்கிட்டே நில்லு. அக்கா நல்லாத்தான் வாசிக்கிறாங்க."

வசந்தா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரையருகே குனிந்தார்.

"ஏழு. இது நம்பருதான், பஸ்ஸுல பாத்துருக்கேன். கடைசியில... தூண்டி முள்ளு. அடியில இந்தக் கைப்பக்கம் வளையுது."

"எந்தக் கை அக்கா?"

"சோத்துக்கைக்கு எதுத்தது."

"ஜே." அடித்து என்டரைத் தட்டினார்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். எதையோ தட்டிக் குரலின் வேகத்தைக் குறைத்தார்; மேலும் குறைத்தார். ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பெண் குரல் முதன்முறையாக மனிதர்களைப் போலப் பேசியது: "அப்ளிகேஷன் சப்மிட்டட் சக்சஸ்ஃபுல்லி."

"என்னங்க தம்பி சொல்லுது?"

"ஒங்க மகளோட விண்ணப்பம் போய்ச் சேந்துருச்சாம்."

"இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க."

நான்கு தடவை சொல்ல வைத்தார். அவ்வளவு மெதுவாகப் பேசியும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. எக்ஸ்பிரஸும் பரீட்சை எழுதி, திருச்சியில் வங்கி வேலைக்குப் போய்விட்டார். கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள், நானும் மரியாதையாகப் பதில் சொல்கிறேன். யாரும் யாரையும் மட்டம் தட்டுவதில்லை. நாள் ரொம்ப நீளமாக இருக்கிறது.