கண்ணை மூடி முப்பது நொடி

சமையலறை வாசலில் ஹார்மனின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னே சாய்ந்தது; பாதங்கள் வரமாட்டேன் என்றன. பார்க்கின்சன் வந்த நாளிலிருந்து கதவுகளுக்கும் அவருக்கும் பகை.

"சிலையா நிக்கணும்னா சந்தைத் திடலுக்குப் போங்க. புறாவாவது வந்து உட்காரும்," என்றாள் அவர் மனைவி பாவ்கே, ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைத்தபடி.

வழக்கமாகச் சிரிப்பார். இன்று முடியவில்லை. மூன்று வாரம் முன்பு இழுப்பறையில் ஒரு தாளைப் பார்த்திருந்தார். முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்கான விண்ணப்பம். கீழே பாவ்கேயின் கையெழுத்து. முழுதும் படிப்பதற்குள் அவள் வரும் சத்தம் கேட்டது. அதன்பின் கேட்கத் துணிவில்லை. போன மாதம் மூன்று முறை விழுந்தார். மூன்று முறையும் அவள்தான் தூக்கினாள்.

பதினொரு மணிக்கு மருத்துவமனையில் கடைசிச் சோதனை. எட்டு வாரமாகத் தலையில் தொப்பி மாட்டி, மூளைக்கு மெல்லிய மின்சாரம் செலுத்திக்கொண்டே பஞ்சுமெத்தைமேல் நிற்கப் பழக்கியிருந்தார்கள். கண்ணை மூடி முப்பது நொடி நின்றுவிட்டால் தன்னை வீட்டைவிட்டு யாரும் அனுப்ப முடியாது என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

தரையில் கோடு இருந்தால் அவர் கால் தாண்டிவிடும். அதற்காக நேற்றே கூடம் முழுக்க நிறப்பட்டைகளை ஒட்டியிருந்தார். இரண்டைத் தாண்டினார். மூன்றாவது செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினார், நான்காவதும் சேர்ந்துகொண்டது. வாசலை அடைந்தபோது பட்டைகள் எல்லாம் வாலாகப் பின்னால் வந்தன. பேருந்து போய்விட்டிருந்தது.

சைக்கிளை எடுத்தார். நடக்க மறுக்கும் கால்கள் மிதிக்க மட்டும் மறுப்பதில்லை. எதிர்க்காற்றில் பறந்தார். மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது: நிறுத்தினால் காலை ஊன்ற வேண்டும்.

வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றினார். ஏழாவது சுற்றில் பயிற்சியாளன் யெல்மர் வெளியே வந்தான்.

"இறங்குங்க, ஹார்மன்."

"அதுதானப்பா தெரியல."

"எவ்வளவு நேரம் இப்படி?"

"யோசிச்சுக்கிட்டே சுத்தறேன். நின்னா விழுந்துடுவேன்."

யெல்மர் கூடவே ஓடி இருக்கையைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து செடிவேலிக்குள் போனார்கள்.

"வேலிக்கு மதிப்பெண் கிடையாது," என்றான் யெல்மர், முள்ளைப் பிடுங்கியபடி. "உள்ள வாங்க."

தலையில் இலையோடு ஹார்மன் மெத்தையில் ஏறினார். கண்ணை மூடினார். இருட்டில் பாவ்கே தெரிந்தாள்: கட்டிலில் தன் பக்கம் படுத்து, விளக்கை அணைக்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பவள். விழுந்தால் அது இனி இல்லை. தாடை நடுங்கியது. கை நடுங்கியது. பாதங்கள் மட்டும், ஒட்ட வேண்டிய இடத்தில், ஒட்ட வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டன.

"நாப்பத்திரண்டு நொடி," என்றான் யெல்மர். "போதும், இறங்குங்க."

யெல்மர் முடிவை வரவேற்பு மேசையில் சொல்லிவிட்டு வந்து, நிதானமாக அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டான். ஹார்மனுக்குக் கண் கலங்கியது. "உடனே பாவ்கேகிட்ட சொல்லணும். என்னை நினைச்சு அவ இனிமே பயப்பட வேண்டாம்னு."

வரவேற்பு மேசையிலிருக்கும் டினேகே கதவருகே தலையை நீட்டினாள்.

"இப்பத்தான் போன்ல சொன்னேன். பாவம், அழுதுட்டாங்க. 'அப்ப இனி அவர் தனியா இருந்துப்பாரு, அந்த இல்லத்துக்கு நான் வெள்ளிக்கிழமையே போயிடறேன்'னாங்க."