ஆனைக்குக் காத்திருந்த மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை தொண்டாமுத்தூருக்குப் போவதில்லை என்று அன்புமணி தீர்மானித்துவிட்டான். வெள்ளியங்கிரி மலையே கிளம்பிக் கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் அவன் வீட்டுக்கு வந்து கூப்பிட்டாலும் சரி, மச்சான் மகள் காதுகுத்துக்கு அவன் போகமாட்டான்.

மச்சான் தம்பிதுரை நல்லவர்தான். ஆனால் அவர் தோப்பில் நூற்று நாற்பத்து மூன்று தென்னைமரங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருந்தது. போன பொங்கலுக்கு அறுபத்தோராவது மரத்தடியில் அன்புமணிக்குக் கண் இருட்டியது. மிச்சத்தை அடுத்த தடவை சொல்வதாக மச்சான் வாக்குக் கொடுத்திருந்தார்.

தப்பிக்க ஒரு காரணம் கைவசம் இருந்தது. பம்பு கம்பெனி வேலை நேரம் போக, நாலு மாதம் உட்கார்ந்து ஒரு ஆப் செய்திருந்தான். 'ஆனை வருது' என்று பெயர். தோட்டத்தில் யானையைப் பார்த்தவர் ஒரு பொத்தானை அமுக்கினால், சுற்றுவட்டாரத்துப் போன்கள் எல்லாம் அலறும். அதை ஆப் ஸ்டோருக்கு அனுப்பிப் பன்னிரண்டு நாளாகிறது. இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது.

முன்பு அனுப்பிய இரண்டு ஆப்பும் திரும்பி வந்துவிட்டன. இரண்டு முறையும் ஸ்டோர் பக்கத்தைத் திறந்து நிலவரம் பார்த்தவன் அவன். அதனால் இந்தத் தடவை எல்லாமே மனைவி யுவஸ்ரீ பெயரில். கைராசிக்காரி. தினமும் குளித்துத் திருநீறு பூசி, போனில் நிலவரம் பார்த்துச் சொல்வதும் அவளே. அன்புமணி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமைக்கு வெள்ளச் சட்டை எடுத்து வெக்கட்டுங்களா?"

"நான் எப்படிக் கண்ணு வாரது? ஸ்டோர்க்காரங்க திடீர்னு ஏதாச்சும் கேப்பாங்க. ஒடனே பதில் சொல்லலீன்னா தூக்கி வீசிப்போடுவாங்க."

"அடுப்பு ரிப்பேருக்குப் போகச் சொன்னப்பவும் இதையேதானுங்க சொன்னீங்க."

"அப்பவும் இதே ஆப்புதானே அம்மணி!"

"அவிங்களுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டா என்னுங்க?"

"என் மெயில்ல இருந்து மூணு போட்டாச்சு. 'ஐயா, ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா'ன்னு ஆரம்பிச்சுத்தான் போட்டேன். மூணுக்கும் ஒரே பதில். 'உங்கள் பொறுமைக்கு நன்றி'."

"பாவம். அது எங்கண்ணன் தோப்புல அறுபத்தோராவது மரத்துலயே தீந்துபோச்சுன்னு அவிங்களுக்குத் தெரியாது பாருங்க."

அன்புமணிக்குக் காபி புரையேறியது.

வெள்ளிக்கிழமை காலை, ஈரத்தலையோடு யுவஸ்ரீ ஓடி வந்தாள்.

"ஏனுங்க! கேட்டுப்போட்டாங்க!"

"என்னன்னு?"

"ஆனை வர்ற எடத்துல ஆப் வேலை செய்யறத வீடியோ புடிச்சு அனுப்போணுமாம். செஞ்சவரே நேர்ல நிக்கோணுமாம். திங்கக்கெழமைக்குள்ள."

அவன் போனுக்குக் கை நீட்டினான்.

"தொடாதீங்க! மூணாவதும் போயிரும்!"

நீட்டிய கை தானாகவே மடங்கியது.

"ஆனைக்கு நான் எங்க கண்ணு போவேன்?"

யுவஸ்ரீ வெகுநேரம் யோசிப்பது போல் யோசித்தாள். "எங்கண்ணன் தோப்புக்கு வருமுங்க."

சனிக்கிழமை சாயங்காலமே அன்புமணி தோப்பில் நின்றான். மேற்கே மலை நீலமாகி, நீலம் கறுத்தது. யானை வரவில்லை. மச்சான் வந்தார்.

"ஆனை வர்ற வரைக்கும் சும்மா எதுக்கு மாப்ளே நிக்கறீங்க? இதா பாருங்க, அறுபத்திரெண்டு. இதுக்குத் தண்ணி ஊத்துன வருசம்..."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் சீர்த்தட்டு தூக்கினான், பந்தியில் பாயசம் ஊற்றினான், அழுத பிள்ளைக்கு யானை மாதிரிப் பிளிறியும் காட்டினான். பொழுது சாயும்போது நூற்று நாற்பத்து மூன்றாவது மரமும் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவன் கேட்டான்.

"ஆனையே வரலியே கண்ணு. ஆப் போச்சா?"

"உங்க பொறுமைக்கு நன்றிங்க," என்றாள் யுவஸ்ரீ. போனை அவன் மடியில் வைத்தாள். "இப்பத் தொடலாமுங்க."

ஸ்டோரில் 'ஆனை வருது' பளிச்சென்று இருந்தது. வெளியான நாள், வியாழக்கிழமை. அதன் கீழே ஐந்து நட்சத்திரம் போட்டு, தம்பிதுரை என்பவர் முதல் கருத்தை எழுதியிருந்தார்:

"ஆனை வரலீங்க. மாப்பிள்ளை வந்தாருங்க."