இப்போதைக்கு மன்னிப்புக் கேட்காதே

திருத்தணி,
ஆனந்த வருஷம், ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

கனகம்மாசத்திரத்தில் அரிசிக் கடை வைத்திருக்கும் தம்பி சாமிநாதனுக்கு உன் அக்கா பூவம்மாள் எழுதிக்கொண்டது. மலைமேல் இருக்கிறவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே உன் பெண்டாட்டி மணியம்மையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் சுகத்தை விசாரிப்பதை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நிறுத்தினேன். இன்னும் ஒரு வாரத்துக்கு அது நின்றபடியே இருக்கும். காரணம் கீழே எழுதியிருக்கிறேன்.

உன் கார்டு நேற்று வந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவதாகவும், மலையிறங்கியதும் நேராக என் வீட்டுக்கு வந்து காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். மூத்தவள் இளையவனைக் கும்பிடக் கூடாது, இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தக் காரியத்தைச் செய்துவிடாதே. கிருத்திகை கழிந்து மூன்றாம் நாள் நான் கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அதுவரைக்கும் உன்மேல் இருக்கிற கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் எனக்கு வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்சந்து உனக்குத் தெரியும். அங்கேதான் என் பிள்ளை நாகராஜன் பாவு போடுகிறான். நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைத்தால்தான் தறியில் ஏற்ற முடியும், அதற்கு நீளமான இடம் வேண்டும். பக்கத்து வீட்டு வரதராஜன் அந்தச் சந்து தன்னுடையது என்று சொல்லி முள்கம்பி போட்டு அடைத்துவிட்டான். மூன்று மாதமாக என் பிள்ளை நூலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடுகிறான். அங்கே காற்றடித்து இழை அறுகிறது, அறாத இழையில் ஆடு வந்து கஞ்சியை நக்குகிறது. நாலு தறியில் இரண்டு சும்மா நிற்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே பாவு போட்டோம் என்று நிரூபித்தால் வேலியை எடுக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் பின்சந்தை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறார் வக்கீல் பாலசுப்பிரமணியன். வரதராஜனோ, திருத்தணி ஆந்திராவை விட்டு இந்தப் பக்கம் சேர்ந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது, பதினாலு வருஷம்தான் ஆகிறது என்று சாதிக்கிறான். உன் பாவா, என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்துவிட்டார். சந்தில் முதல் பாவு போட்ட நாளைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நாள் எனக்கு மறக்குமா? நந்தன வருஷம், வைகாசி பன்னிரண்டு. என் பெண் கமலாவுக்குக் காதுகுத்து. தெருவை அடைத்துப் பந்தல் போட்டதால் தெருவில் இடமில்லாமல், உன் பாவா அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பின்சந்தில் பாவை இழுத்துக் கட்டினார். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை, மாமனைக் காணாமல், பந்தல்காரன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினேன். குழந்தை அழுததைவிட நான் அதிகம் அழுதேன். எச்சில் இலை எடுக்கிற நேரத்துக்குச் சீர்த்தட்டோடு நீ வந்து நின்றாய். "அக்கா, பாவா வந்து..." என்று இழுத்தாய். "அவரை ஏண்டா இழுக்கறே? வந்த வழியப் பார்த்துப் போ" என்றேன். போனாய். அந்த வயிற்றெரிச்சலில்தான் தம்பி, வருஷம் மாதம் தேதி எல்லாம் அழியாமல் இருக்கிறது.

நேற்று வக்கீல் வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள்.

"உங்க வீட்டுக்கு ரெண்டாவது தறி எப்போம்மா வந்தது?"

"எங்க ஓரகத்தி கோமளவல்லி என் அம்மிக்குழவியத் தூக்கிக்கினு போனாளே, அந்தத் தை மாசம்."

"அது எந்த வருஷங்க?"

"எங்க கொழுந்தன் வேணு கல்யாணத்துல எனக்கு மட்டும் பாயசம் வராமப் போச்சே, அதுக்கு அப்புறம்."

அவர் பேனாவை மூடிவிட்டார். "அம்மா, கோர்ட்டுல வருஷம் சொல்லணும். வருத்தம் சொல்லக் கூடாது."

எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? வேடிக்கை என்னவென்றால், அம்மிக்குழவி போன வருஷம் எனக்கு நிஜமாகவே வரவில்லை. நாற்பது வருஷமாக நாக்கு நுனியில் இருந்தது அது. யோசித்து யோசித்துப் பார்த்தேன், அப்புறம்தான் விளங்கியது. போன மாசியில் கோமளவல்லி சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் புத்தி கெட்டுப்போய் மன்னித்துவிட்டேன். மன்னித்த கையோடு வருஷம் போய்விட்டது! ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, என் ஞாபகத்துக்குக் கோபம் அப்படி. குறைந்தால் காளான் பூத்துவிடும். அதைக் கண்டுபிடித்த மறுநிமிஷம் உன் கார்டு வருகிறது, மன்னிப்புக் கேட்க வருகிறேன் என்று. நான் பயப்படுவேனா மாட்டேனா, நீயே சொல்.

உன்னிடம் சொன்னால் என்ன, நான் இரண்டாம் வகுப்போடு நின்றது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததால் இல்லை. நீ அப்போது தொட்டிலில். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்குப் பஞ்சாட்சரம் வாத்தியார் என்னை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். அப்போது பாடம் எல்லாம் தெலுங்குதானே இங்கே. முதல்நாள்வரை தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஏழெட்டு என்கிற இடத்தில் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பெஞ்சுமேல் ஏற்றிவிட்டார். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. கூண்டு எவ்வளவு உயரம் என்று வக்கீலைக் கேட்டேன், பெஞ்சு உயரம்தான் இருக்கும் என்றார். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. காலையில் குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று மறந்து இரண்டாம் தடவையும் போட்டுத் தொலைத்தேன். நாகராஜன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டான். அதான் எனக்கு பயம். நான் உளறிக் கேஸ் தோத்தாலும் அவன் இப்படித்தான் ஒண்ணும் சொல்லமாட்டான். அப்புறம் எத்தனை வருஷம் அவன் எதிரில் உட்கார்ந்து நான் சோறு தின்கிறது?

ஆகவே நீ காவடி எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. இறங்கும்போது எங்கள் தெருப்பக்கம் வராதே. கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போ. முடிந்தால் மரியாதைக் குறைவாக ஏதாவது பேசிவிட்டுப் போ, ரொம்ப உபகாரமாக இருக்கும். மணியம்மையையும் அனுப்பாதே. அவள் "அண்ணி" என்று கூப்பிட்டால் நான் பாகு மாதிரி இளகிவிடுவேன்.

மணியம்மை தீர்க்கசுமங்கலியாகவும், பிள்ளைகள் ஆயுசோடும் இருக்க ஆசீர்வாதம். உன் பங்கு ஆசீர்வாதத்தைத் தீர்ப்பு வந்ததும் மொத்தமாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கோபம் மாறாத அக்கா,
பூவம்மாள்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்க எழுந்தேன், வாசலில் மணியம்மை நிற்கிறாள். பத்து மணி பஸ்ஸில் வந்தாளாம். "அவருக்குக் காவடி தூக்க பயமில்லே அண்ணி, உங்க வாசப்படி ஏறத்தான் பயம். துரத்திடுவீங்களோன்னு நடுங்கிக்கினு இருக்காரு, அதான் நான் முன்னாடி வந்தேன்" என்றாள். நான் காதைப் பொத்திக்கொண்டு, "எதுவும் சொல்லாதே, கோர்ட்டு முடியட்டும்" என்றேன். அவள் விடவில்லை. "அன்னிக்கு அவரு நேரத்துக்கே வந்துட்டாரு அண்ணி. பஸ்ஸ விட்டு இறங்கிப் பின்சந்து வழியா வந்தாராம். 'மச்சான், பாவு கட்டின முளைக்குச்சி பிடுங்கிக்கினு வந்துடுச்சு, இந்தக் கயித்த இழுத்துப் புடி, ஆள அனுப்பறேன்'னு சொல்லிட்டுப் பந்தலுக்குப் போனவருதான் உங்க வீட்டுக்காரரு. ஆளே வரல. கயித்த விட்டா அத்தனை நூலும் மண்ணுல. கெட்டிமேளம் காதுல கேக்குது, இவரு கயித்தப் புடிச்சுக்கினு அழுதுகினு நிக்கிறாரு. பந்தி முடிஞ்சுதான் உங்க வீட்டுக்காரரு வந்து கயித்த வாங்கினாரு. அப்புறம் நீங்க துரத்தினப்போ பின்னாடியே ஓடி வந்து, 'உங்க அக்காகிட்ட சொல்லாத மச்சான், என்ன உரிச்சுடுவா'ன்னு சத்தியம் வாங்கிக்கினாராம்."

சீர்த்தட்டைப் பிடித்திருந்த உன் உள்ளங்கையில் சிவப்பாகக் கயிற்றுத் தடம் இருந்தது சாமிநாதா. அன்றைக்கே பார்த்தேன். இத்தனை வருஷம் அதையும் மறக்காமல்தான் வைத்திருந்தேன், ஏன் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

ஓடிப்போய் வக்கீலிடம் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சந்தில் முதல் பாவைக் கையில் பிடித்திருந்த சாட்சி நீ என்கிறார். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. இதை மணியம்மை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், கடையைச் சாத்திவிட்டு நாளைக்கே வா. காலில் விழ அவசரமில்லை, முதலில் வக்கீலைப் பார். எனக்குப் பயம் போகவில்லை, நீ கூட இருந்தாலும் என் வாயால் நான்தானே பேச வேண்டும். பேச்சு வராவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கூண்டைவிட்டு இறங்குகிறேன். ஏறாமல் மட்டும் இருக்கமாட்டேன்.

"கோபம் போயிடுச்சா அண்ணி?" என்று மணியம்மை கேட்டாள். "ஆங், உன் வீட்டுக்காரன் மேல இருந்தது போயிடுச்சு" என்றேன். தேதி மறந்திருக்குமோ என்று பயந்து சொல்லிப் பார்த்தேன், கல்வெட்டு மாதிரி இருக்கிறது. உன் பாவா படத்துக்கு இன்றைக்குப் பூ வைக்கவில்லை.