ஜுல்ஃபிகர் கழிமுகத்தில் நீர் மொண்ட படலம்

கடலின் உப்பும் ஆற்றின் வண்டலும் கைகலக்கும் கழிமுகத்திலே இடுப்பளவு சேறணிந்து நின்ற செம்மலை, வீரவாளின் பெயரைத் தாங்கியும் வெண்டைக்காய்கூட வெட்டியறியாப் பெருந்தகையை, யாங்கோன் மாநகரத் தற்காலிக ஊழியர் குலதிலகத்தை, ஜுல்ஃபிகர் எனும் திருநாமத்தானை வணங்கித் தொடங்குகிறோம்; கேட்போர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்க.

அலையேறி இறங்கும் சேற்றுநிலத்து உயிர்களை முற்காலத்து அறிஞர் வலைவீசி எண்ணினர். பின்வந்தோர் ட்ரோன் விட்டு எண்ண, அதைப் பருந்து அடித்தது. இப்போதோ ஒரு போத்தல் தண்ணீர் போதும். அதில் உதிர்ந்து கலந்த செதிலையும் சளியையும் மரபணுச் சோதனையில் இட்டால், அவ்வழி நீந்திய மீன் எது, நடந்த நாரை எது என்று வெளிநாட்டு இயந்திரம் பெயர் பெயராய்ச் சொல்லிவிடுமாம். எடுப்பவனின் கையோ வாயோ தண்ணீரில் படக்கூடாது, அவ்வளவுதான் விதி. நம் நாயகன் முதல் போத்தலை பஸ்ஸில் கவிழ்த்தான், இரண்டாவதை வெயிலில் மறந்தான்.

"இது மூணாவது, ஜுல்ஃபி. சரியா வந்தா வேலை நிரந்தரம். கெட்டுச்சு, நாளைலேர்ந்து வராதே," என்று ஆணையிட்டாள் கழிமுக ஆய்வு அலுவலகத்தை ஆளும் மேலதிகாரியம்மா, ஊர்ப்பேச்சில் சயாமா, ஸமீரா.

நிரந்தரம்! அந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் ஐயோ, சைதா இருந்தாள். தாகேதாவில் டான்பவுக் பிரியாணி அண்டாக்களை அரசாளும் அவள் வாப்பா மீரா முகைதீன், "காயிதத்தக் காட்டுங்க தம்பி, மறுவாரமே நிக்காஹ்," எனப் பிரகடனம் செய்திருந்தார். அம்மட்டோ? ஜும்ஆ தொழுகை முடிந்து போருக்குப் புறப்பட்டவனைக் கடைவாசலில் மறித்து, ஆட்டுக்கறி டான்பவுக்கை மலையெனக் குவித்தார். மருமகனாக வேண்டியவன் மறுக்கலாமா? இரண்டு தட்டு இறங்கியது. நீர் வற்றும் நேரம் தப்பிவிடுமே என்று வாய்கூடக் கொப்பளிக்காமல், ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்னும் ஊருக்குப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

பாலத்துக்கப்பால் பரந்து கிடந்தது பகைப்புலம். முதலடியில் வலக்கால் செருப்பைப் பறிகொடுத்தான், ஐந்தாம் அடியில் இடக்காலதை. முழங்கைவரை கையுறை மாட்டி, போத்தலைத் தலைக்குமேல் தூக்கி, நண்டுகள் வளையேறி வேடிக்கை பார்க்க, வழுக்கியும் வீழ்ந்தும் எழுந்தும், நீரோரத்து அளவுகோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்த அக்கணத்தில் இடுப்புவரை புதைந்தான். அவ்வேளை, பலகைமேல் ஒரு முழங்காலை ஊன்றி மறுகாலால் சேற்றை உந்திச் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தாள் நண்டு பிடிக்கும் வேலம்மா.

"என்னா தம்பி, தண்ணிதானே? குடு, மொண்டு தாறேன்."

"தொடாதீங்கக்கா! இதுல என்னென்ன மீன் இருக்குன்னு கண்டுபிடிக்கணும்!"

"இதுக்கா இம்புட்டுப் பாடு? மடவை இருக்கு, கெளுத்தி இருக்கு. உல்லம் ரெண்டு வருசமா வரல, சாயத்தண்ணி விடுறானுங்க. எழுதிக்க."

எழுதுவானா? விஞ்ஞானம் அல்லவா! அவளை ஒரு முறைப்பு முறைத்தான். அதற்குள் ஏற்றநீர் நுரைகக்கி வந்து மார்பைத் தொட்டது. ஒரு கை கம்பத்தில், ஒரு கை போத்தலில். மூடியைத் திறப்பது யார்? "சைதா!" என்று முழங்கி, மூடியைப் பல்லாலே கவ்வித் திருகி, கவ்வியபடியே நீர் மொண்டு, கவ்வியபடியே திருகி மூடினான் தீரன். கையுறையில் ஒரு கீறலுமில்லை. விதியைக் காத்தோமென்று பூரித்தான், பாவிமகன். வேலம்மாதான் பலகையில் போட்டுக் கரைசேர்த்தாள்.

மூன்று வாரம் சென்றபின் அறிக்கை வந்தது. மடவை இல்லை, கெளுத்தி இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு ஆடு, மீதி மனிதன். கழிமுகத்தில் ஆடுகள் நீந்துகின்றனவா என்று விசாரித்து நிபுணர்கள் நான்கு பக்கம் எழுதினார்கள். சாயத்தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. சயாமா ஸமீரா அறிக்கையை இருமுறை வாசித்தாள், ஜுல்ஃபிகரை ஒருமுறை பார்த்தாள்.

இப்போது அவன் மீரா முகைதீன் கடையில் வெங்காயம் உரிக்கிறான்.