மாமா என்னைக் கரையேற்றிய கதை

கடற்கரையில் பிறந்தவனெல்லாம் நன்றாக நீந்துவான் என்று நம்புகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஒருமுறை நீந்திக் காட்டியிருக்கிறேன், அதுவே போதும்.

சண்டை முடிந்து சனம் திரும்பிவந்து குடியேறிக்கொண்டிருந்த காலம். எனக்குச் சொந்த ஊர் விடத்தல்தீவு, கலியாணம் கட்டியது கீரியில். இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் என்னுடைய எல்லாமே அரைகுறையாய் நின்றுபோயின. படிப்பு, வீட்டுச் சுவர், தட்டச்சு வகுப்புக்கூட. அப்போதுதான் அந்த நெடுந்தூரப் போட்டி வந்தது. கீரிக் கடலில் நீந்தி, முருங்கன்வரை சைக்கிளில் போய்த் திரும்பி, பிறகு கீரி இருக்கிற தீவுக்குள்ளேயே ஓடிக் கீரிக் கரையில் முடிக்க வேண்டும். முடித்த எல்லாருக்கும் பதக்கம். ஒன்றையாவது முடித்துக் காட்டவேண்டும் என்ற வெறியில் பெயர் கொடுத்தேன். (பயிற்சியா? சந்தைக்குச் சைக்கிளில்தானே போய்வந்தேன்!)

நீச்சலில் கடைசி. சைக்கிளில் எனக்குப் பின்னால் ஒருவர் வருகிறார் என்று சந்தோஷப்பட்டேன். அவர் விறகு கட்டிக்கொண்டு வந்தவர், பாலத்தடியில் அவரும் முந்திவிட்டார். அதற்குப் பிறகு நான் செய்ததை ஓட்டம் என்று எழுதுவது ஒரு மரியாதைக்காக.

சூரியன் மறைந்தால் போட்டி முடிந்துவிடும். நான் கீரிக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் கடலுக்குச் சற்று மேலே நின்றது. முன்னால் வந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். ஊர்ச்சனம் மட்டும் போகாமல் மணலில் நின்று எனக்காகக் கத்திக்கொண்டிருந்தது. முடிவுக்கோடு கண்ணில் பட்டதுமே கால் மடிந்து விழுந்தேன்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வள்ளம் வரும்போது அது யாருடையது என்று பார்க்கமாட்டார்கள், நிற்கிற எல்லாரும் இறங்கி அதைக் கரைக்கு இழுக்கக் கை கொடுப்பார்கள். என் மாமனார் சூசை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். அடுத்த நிமிடம் நான் அவர்கள் தோள்களில் கிடந்தேன்.

"விடுங்கோ மாமா, நான் ஓடி முடிக்கோணும்."

"பேசாமல் கிடவும் தம்பி. வள்ளம் கதைக்கிறேல்லை."

கோட்டுக்கு அப்பால் இறக்கிவைத்து வெடியும் கொளுத்தினார்கள். நடுவர் தலையைச் சொறிந்தபடி, பிறர் கைபட்டால் ஓட்டம் செல்லாது என்றார். விழுந்தவனைத் தூக்குவது எந்த ஊரில் பிழை என்று மாமா கேட்டார். இதுவும் அரைகுறையாகிவிட்டதே என்று நான் அழுதுவிட்டேன். (பசியும் சேர்ந்த அழுகைதான்.)

நடுவர் என்னைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "தூக்கின இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கோ. தன்ர காலால வரட்டும்."

திரும்பவும் தூக்கினார்கள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சுகமான பயணம் அதுதான். தூக்கிய இடம் எது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நாளைக்கு ஒருவரும் குறைசொல்லக் கூடாது என்று மாமா என்னை இன்னும் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். (நல்ல மனிதர், என்ன செய்ய!)

பிறகு எல்லாரும் கோயிலில் நிற்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு விலகி நின்றார்கள். சத்தமும் இல்லை. நாலடி வைத்த நான் நின்றுவிட்டேன். என் மனைவி ஜெசிந்தா நடுவரிடம் போனாள்.

"கத்துறதும் உதவியோ சேர்?"

"கத்தலாம், தங்கச்சி."

உடனே மாமா வள்ளம் இழுக்கிற பாட்டைத் தொடங்கினார். கரை முழுவதும் ஏலேலோ என்று சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு ஏலேலோவுக்கும் என் கால் ஒன்று முன்னால் வந்தது. கயிறில்லாமலே இழுத்தார்கள். சூரியனில் ஒரு கீற்று மிச்சமிருக்கும்போது கோட்டைத் தாண்டினேன். அப்போது அவர்களுடைய வீடுகளும் பாதியில்தான் நின்றன. ஆனாலும் எனக்காகப் பொழுதுபடும்வரை நின்றார்கள். அந்த நன்றி இன்றைக்கும் என் நெஞ்சில் இருக்கிறது.

இப்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. கதிரையிலிருந்து எழும்ப நான் திணறும்போது மகள் கை நீட்டுவாள். ஜெசிந்தா விடமாட்டாள்.

"தொடாத பிள்ளை. பிறகு அப்பா முதலில இருந்து எழும்போணும்."

உடனே வீடே கைகட்டி நின்று ஏலேலோ பாடத் தொடங்கும். நான் எழும்பி முடிக்கும்வரை ஒருவரும் நிறுத்துவதில்லை.