இனிமே இசட் வருவான்

கல்லூரிக்குக் கல்லூரி ஓர் இனம் உண்டு. மூன்றாம் செமஸ்டர் கால்குலஸ் எப்படி இருக்கும் என்பதை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எடுத்துச் சொல்லும் இனம். நம்முடைய ஆளைப் பிள்ளைகள் 'வழிகாட்டி அண்ணன்' என்பார்கள். அந்தப் பேப்பரை அவர் அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. எத்தனை தடவை எழுதியிருக்கிறார்!

செமஸ்டரின் முதல் நாள், புதுப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வருகிறவர்களை வகுப்பு வாசலிலேயே மடக்கி, கேன்டீனுக்குத் தள்ளிக்கொண்டு போய், அவர்கள் செலவிலேயே டீ சொல்லி, ஆரம்பிப்பார்.

"இதுவரைக்கும் நீங்க போட்டது கணக்கே இல்ல. ஒரு எக்ஸ், ஒரு ஒய், சாதுவா இருந்துச்சு. இனிமே இசட் வருவான்."

புதிதாக வந்த ரவுடியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். பார்ஷியல் டெரிவேடிவ் சுலபமாகத்தான் போகும், அதில் ஏமாந்துவிடக் கூடாது. டபுள் இன்டக்ரல்தான் ஆளைச் சாய்க்கும். எக்ஸ் முதலா ஒய் முதலா என்ற வரிசையை மாற்றினால் வரம்பும் மாறும், மாற்றாமல் விட்டாலோ பரீட்சை ஹாலிலேயே நரை விழும். வெக்டர் கால்குலஸை எந்த வாத்தியாரும் நடத்தி முடித்ததில்லை, எந்தக் கேள்வித்தாளும் அதை விட்டதுமில்லை. அத்தனையும் உண்மை. அதுதான் வேடிக்கையே.

"படத்தைப் போட்டுட்டா பாதிக் கணக்கு முடிஞ்ச மாதிரி," என்று டீ கிளாஸின் ஈரத்தால் மேஜையில் வட்டம் போடுவார்.

"மீதிப் பாதி, அண்ணா?" என்று முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"அது வெறும் வேலைம்மா."

இந்த முறை விஷயம் விளையாட்டில்லை. அண்ணனுக்கு ஓர் உத்தியோகம் தயாராக இருந்தது. இந்த ஒரு பேப்பர் தேறினால் போய் உட்காரலாம், தேறாவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்கு. பரீட்சைக்கு முதல் நாள் அக்கா போன் செய்தாள்.

"படிச்சியாடா?"

"அக்கா, அந்தப் பேப்பரைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

"பேப்பரைப் பத்தி யார்ரா கேட்டா? படிச்சியான்னு கேட்டேன்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. உடனே புத்தகத்தை எடுத்தார். அதற்குள் நாலைந்து பேர் கதவைத் தட்டி, "அண்ணா, நாளைக்கு எதெல்லாம் வரும்?" என்று நின்றார்கள். நம்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? பண்பு என்று ஒன்று இல்லையா? புத்தகத்தை மூடினார்.

மறுநாள் அவர் சொன்னதெல்லாம் வந்தது. முதல் கேள்வியே வரிசை மாற்றும் கணக்கு. பெருமை தாங்காமல் பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் கண்ணடித்தார். கோடு, வளைவு, நிழல், அம்புக்குறி என்று படம் அச்சில் வார்த்தது போல வந்தது. வரம்பையும் மாற்றினார். இன்டக்ரல் குறியை அழகாக வளைத்து எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தார். மணி அடிக்கும்வரை கடித்தார்.

முடிவு வந்தது. அவரிடம் கதை கேட்டவர்கள் எல்லாரும் பாஸ். அண்ணனுக்கு அழுகை முட்டியது. சட்டைப் பையில் அக்காவின் அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது, எடுக்கத் தைரியமில்லை. அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு புதுக் குரல்: "அண்ணா, மூணாவது செமஸ்டர் கால்குலஸ் ரொம்பக் கஷ்டமா?"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "வா தம்பி, உக்காந்து பேசுவோம்."

நீங்கள் சிரித்தது போதும். இதை வாசிக்கையில், "எங்க காலத்துல இதைவிடக் கஷ்டம், தெரியுமா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்ததா? தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அவருக்கு நாளைக்குப் பரீட்சை.